ரெட்டைச் சட்டி மலைக்குப் போன ஐந்து பேர்

அன்று வண்டியில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் "நான் அங்கே வரவே இல்லை" என்று சொல்லக் கூடாது.

ஒன்று, தயாளன் என்கிற நான். இரண்டு, என் மனைவி மல்லிகா. காசிமேட்டில் ஏலம் எடுத்து, காலடிப்பேட்டையில் கூடை வைத்து மீன் விற்பவள். மூன்று, அவள் தம்பி வேலு. கிழிந்துபோன வலை அவனுடையது. நான்கு, எங்கள் குப்பத்து ஊர்சபை சாட்சியாக அனுப்பிய கோவிந்தண்ணன். ஐந்து, மீன் வண்டி ஓட்டும் பாஷா. பாஷாவுக்கு இந்த வழக்கில் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் கடைசியில் அவன் வண்டிக்குத்தான் அடி விழுந்தது.

வழக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். கடலில் தெருப் பலகை கிடையாது. மீன் கிடைக்கிற இடத்தை மறுபடி கண்டுபிடிக்க, கரையில் இருக்கும் இரண்டு பொருளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிறுத்திப் பார்ப்போம். எங்களுக்குக் கிட்டத்துக் குறி ஓர் உயரமான புகைபோக்கி. தூரத்துக் குறி, மேற்கே உள்நாட்டில் நீலமாகத் தெரிகிற ஒரு மலை. கவிழ்த்து வைத்த இரண்டு சட்டி மாதிரி இருக்கும். அதனால் ரெட்டைச் சட்டி. இரண்டு சட்டிக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் புகைபோக்கி வந்து நின்று, கயிற்றில் பன்னிரண்டு பாகம் (ஒரு பாகம் இரண்டு கை விரித்த நீளம்) ஆழம் காட்டினால், அங்கே வலை போடலாம். கொஞ்சம் வடக்கே தள்ளினால் போச்சு. கீழே ஒரு பழைய கப்பல் உடைந்து கிடக்கிறது. அது வலையை விடாது.

ஜி.பி.எஸ். பெட்டி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே போய் ரிப்பேர் கடையில் இருந்தது. மழை விட்ட மறுநாள் காலை, மலை பளிச்சென்று தெரிந்தது. நான்தான் குறி பார்த்தேன். நான்தான் "போடு" என்றேன். வேலுவின் வலை கப்பல் மேலேயே விழுந்தது. இழுத்ததில் பாதிதான் வந்தது.

ஊர்சபை கூடியது. மலை முன்னே மாதிரி இல்லை, பள்ளம் நகர்ந்திருக்கிறது என்று நான் சொன்னேன். சபையே சிரித்தது.

"மலை நகருமாடா? உன் கண்ணுதான் நகர்ந்துகினு கீது!"

வலைக்கு அறுபதாயிரம் நான் கொடுக்க வேண்டும், இனி எந்தப் படகிலும் நான் குறி சொல்லக் கூடாது என்று முடிவு. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவன் நான். குறி பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு படிப்பு இல்லை. அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மொட்டை மாடியிலிருந்து புகைபோக்கியைப் பார்த்துப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே கண் போய்விட்டதோ? கடைசியில், மலையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்பு சொல்லுங்கள் என்று கத்தினேன். சபை கோவிந்தண்ணனை அனுப்பியது. இல்லாததைச் சொல்லவும் மாட்டார், இருக்கிற உண்மையை இரண்டு தடவை சொல்லவும் மாட்டார், அப்படிப்பட்ட மனிதர். மல்லிகா ஏன் வந்தாள் என்றால், புருஷனையும் நம்பவில்லை, தம்பியையும் நம்பவில்லை.

சனிக்கிழமை. பாஷா வண்டியை மூன்று தடவை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தான். வீண். முதல் கிராமத்திலேயே இரண்டு நாயும் ஒரு பூனையும் பின்னால் ஓடி வந்தன. ஒரு டீக்கடையில் இறங்கினோம். கடைக்காரர் மூக்கைப் பிடிக்காத குறையாகச் சொன்னார்: "பார்சல் வேணும்னா கட்டித் தரேன். உள்ள வேணாம்."

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பாஷாவுக்குத் தெலுங்கு தெரியும். "இன்னா சொல்றாங்க?" என்றேன்.

"செத்தது மீனா, வண்டியான்னு கேக்குறாங்க நைனா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் இதே ஆட்கள் வஞ்சிரம் என்ன விலை என்று வாயைப் பிளப்பார்கள். மீன் வேண்டும், மீன்காரன் வாசம் வேண்டாம். சாலை ஓரமாக நின்று, பிளாஸ்டிக் பையில் டீ வாங்கிக் குடித்தோம். அந்தப் பை வேறு என் சட்டையில் ஒழுகியது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே காற்றில் ஒன்றுமே இல்லை. எங்கள் பக்கம் காற்று என்றால் எண்ணெய் வாசனை, உர வாசனை, சில நாள் அமோனியா கூட. இங்கே வேர்க்கடலைக் கொல்லை, மாந்தோப்பு, நடுவில் ஒரு ஏரி. பாஷா மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னான்: "காத்துல ஒண்ணுமே இல்ல. கரண்ட் போன மாதிரி கீது."

இனி மலையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "ரெட்டைச் சட்டி மலை எங்க?" என்று கேட்டேன்.

"சட்டியா? புதன்கிழமை வாங்க, சந்தையில கிடைக்கும்."

பிறகுதான் உறைத்தது. அந்தப் பெயர் நாங்கள் கடலில் இருந்து வைத்தது. இங்கே இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட மலையை ஊர் ஊராக விசாரித்தும் யாருக்கும் தெரியவில்லை. அதைவிடப் பெரிய கஷ்டம், எந்த மலையும் எங்கள் மலை மாதிரி இல்லை. ஒன்று மாட்டு முதுகு மாதிரி, ஒன்று கூரை மாதிரி. வேலு ஒவ்வொன்றையும் காட்டி, "இதுவா மாமா? இதுவா மாமா?" என்று கேட்டு என் உயிரை எடுத்தான். ஏழாவது மலையையும் கழித்தாயிற்று. மலையே இல்லை என்றால்? நான் பார்த்தது மேகம் என்றால்?

"உன் புருசன் மலையையே முழுங்கிட்டாரு போல அக்கா," என்றான் வேலு.

"நீ வலையை முழுங்காத வரைக்கும் சரிடா," என்றாள் மல்லிகா.

கோவிந்தண்ணன்தான் வழி சொன்னார். "நாம எப்பவும் அத்தக் கிழக்க நின்னு பாத்தவங்க. இங்க வந்து தெக்கயும் மேக்கயும் சுத்திகினு கீறோம். கிழக்கால போயி, சூரியன் நம்ம முதுகுல படற நேரத்துக்குப் பாப்போம். அப்பத் தெரியும்."

அதனால் ராத்தங்க வேண்டியதாயிற்று. சாப்பாட்டுக்கு ஒரு மெஸ். மீன் குழம்பு இருக்கிறது என்றார்கள். ஏரி மீன். மல்லிகா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது மீனா, சேறா?" என்றாள். மெஸ்காரர் விடவில்லை: "உங்க கடல் மீனு உப்புக்கண்டம் மாதிரி இருக்கும்மா, நாங்க ஒண்ணாவது சொல்றோமா?" தண்ணீர் மட்டும் இனித்தது. லாரித் தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்கிப் பழகிய எனக்கு, ஓசியில் இனிக்கிற தண்ணீர் ஏதோ ஏமாற்று வேலை மாதிரி இருந்தது.

ஒரு விவசாயி தன் களத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னார். பாம்பு வருமா, பாஷா ஹேண்ட் பிரேக் போட்டானா, வீட்டில் காஸ் சிலிண்டரை மூடினோமா என்று நினைத்துக்கொண்டே நான் படுத்திருந்தேன். மற்ற நால்வரும் நன்றாகத் தூங்கினார்கள். பொறுப்பில்லாத ஜனங்கள்.

ஞாயிற்றுக்கிழமை. விடியும்போது கிழக்கே இருந்த ஏரிக்கரை மேல் போய் நின்றோம். முதுகில் வெயில் ஏறியது. எதிரே மேற்கில் நேற்று நாங்கள் கூரை என்று ஒதுக்கிய மலை மெல்லச் சிவந்தது.

வலது பக்கம் ஒரு சட்டி, முழுசாக. இடது பக்கச் சட்டி பாதிதான். உள்பக்கத்தை யாரோ நேர்கோடாக வெட்டி எடுத்திருந்தார்கள். வஞ்சிரத்தைத் துண்டு போட்டால் உள்ளே தெரியுமே, அந்த வெள்ளை. பள்ளம் அகலமாகி, அப்படியே தெற்கே போயிருந்தது. நடுவில் புகைபோக்கி அசையாது, அதனால் மலைக் குறி தெற்கே போனால் படகு வடக்கே போகும். வடக்கே கப்பல் கிடக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"பாத்தியா! பாத்தியா! எங்கண்ணு நல்லாத்தான் கீது!" என்று நான் கரையில் குதித்தேன். ஏரியில் இருந்த கொக்கெல்லாம் பறந்தன. மல்லிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். 

கோவிந்தண்ணன் ரொம்ப நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இதே மலதான். ஆனா கிட்டப் போயி தொட்டுப் பாத்துட்டுதான் சபையில வாயத் தொறப்பேன்," என்றார்.

கிட்டே போகப் போக மாமரத்து இலையெல்லாம் மாவு பூசின மாதிரி வெள்ளை. ஏரி மதகுப் பக்கம் தண்ணீர் பால் நிறம். மலை அடியில் முப்பது வீடு இருக்கும். சுவருக்குச் சுவர் விரிசல். ஒரு பலகையில் ஏதோ நேரம் எழுதியிருந்தது, தூசியில் அழிந்து போயிருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கினோம்.

சைரன் ஊதியது.

எங்கள் கரையில் சைரன் ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று குழந்தைக்குக் கூடத் தெரியும். வருஷா வருஷம் சுனாமி ஒத்திகை வைக்கிறார்கள். வீட்டுக்குள் போகாதே, சாமான் எடுக்காதே, மேடான இடத்துக்கு ஓடு. யோசிக்கவே தேவையில்லை, கால் தானாக ஓடும். ஓடியது. ஐந்து பேரும் அங்கே இருந்ததிலேயே மேடான இடத்துக்கு ஓடினோம். மலைக்கு.

அந்த ஊர் ஜனமெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையை விட்டு விலகி வருகிறார்கள். நாங்கள் அவர்களுக்கு எதிர்த் திசையில் மலையைப் பார்த்து ஓடுகிறோம். முன்னால் மல்லிகா, பின்னால் எழுபது வயது கோவிந்தண்ணன் வேட்டியை மடித்துக்கொண்டு. ஒரு அம்மாள் துரத்தி வந்து மல்லிகாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய்! சாவப் போறீங்களா? எறங்கு!"

"வுடும்மா! தண்ணி வருது! நீயும் ஏறு!"

"தண்ணியா? எங்க ஏரியிலயே மொழங்கால் தண்ணிதான்டி இருக்குது! வெடி வைக்கிறாங்க! எறங்கு!"

உருண்டு புரண்டு கீழே வந்து ஒரு சுவர் ஓரம் குந்தினோம். மலை ஒரு தடவை தும்மியது. பூமி என் காலுக்குள் வந்து போனது. பிறகு மேலிருந்து சிறு கற்கள், அதன் பின் வெள்ளைப் புகை. தேங்காய் அளவில் ஒரு கல் வந்து பாஷாவின் முன் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி சிலந்தி வலை மாதிரி ஆனது.

"யா அல்லா! இன்னும் ரெண்டு டியூ பாக்கி கீதே!" என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஊர் சிரித்தது. எங்களுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் எனக்குக் கோபம் ஏறியது. இந்த ஜனங்கள் தினம் இரண்டு தடவை அடுப்பில் சோறு வேகும்போது வீட்டை விட்டு வெளியே வந்து நிற்கிறார்களாம். கேட்க நாதி இல்லையா?

முந்தானையைப் பிடித்தவள் பெயர் சரசம்மா. லாரிக்காரர்களுக்கு டீயும் கூழும் விற்கிறாள். வாசம் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே உட்கார வைத்து, ஐந்து சொம்பு கேழ்வரகுக் கூழ் கொடுத்தாள். கடித்துக்கொள்ள மோர் மிளகாய். பயத்தில் வறண்ட தொண்டைக்கு அது இறங்கின மாதிரி எதுவும் இறங்கியதில்லை.

"கல்லு வாங்க வந்தவங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நாங்க கடல்காரங்க. திருவொத்தியூர் பக்கம்."

மூலையில் கூழ் குடித்துக்கொண்டிருந்த டிப்பர் டிரைவர் நிமிர்ந்தார். "திருவொத்தியூரா? எந்தக் குப்பம்?" பெயரைச் சொன்னேன். "அட, உங்க ஊருதானா! உங்க தூண்டில் வளைவுக்கு ரெண்டு வருசம் நான்தான கல்லு அடிச்சேன். எல்லாம் இந்த மலைக் கல்லுதான்."

கோவிந்தண்ணன் சொம்பைக் கீழே வைத்தார். தூண்டில் வளைவு என்றால் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் கற்சுவர். அலை கரையைத் தின்னாமல் தடுப்பதற்கு. எங்கள் குப்பத்தில் மூன்று வரிசை வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு, கல் கொட்டு, கல் கொட்டு என்று ஊரே சாலையில் உட்கார்ந்தோம். ஐந்து மணி நேரம் பஸ் ஓடவில்லை. மல்லிகா காலிக் குடத்தோடு லாரிக்கு முன்னால் படுத்தாள். நான் பலகை பிடித்தேன். கல் வந்து இறங்கிய நாளில், முதல் பாறைக்குத் தேங்காய் உடைத்தவர் இதே கோவிந்தண்ணன்.

சரசம்மா எல்லோர் முகத்தையும் பார்த்தாள். "அப்ப நீங்கதானா அது? உங்க வூட்டக் காப்பாத்த எங்க வூட்ட ஒடைச்சீங்க?"

மல்லிகாவால் சும்மா இருக்க முடியுமா? "நாங்க இன்னா ஆசைக்கா கேட்டோம்? கடல்ல கண்டவன் கண்ட எடத்துல செவுரு கட்னான், அலை எங்க வாசல்ல ஏறிச்சு. கல்லு கேட்டோம். உன் மலையக் கேக்கல!"

"கல்லு பின்ன எங்கம்மா காய்க்குது? மரத்துலயா?"

மல்லிகா காலிச் சொம்பை எடுத்துக் கழுவப் போனாள்.

கோவிந்தண்ணன் எழுந்து போய், கடைக்குப் பின்னால் கைவிட்டிருந்த பழைய வெட்டுப் பாறையைத் தொட்டார். அதில் மேலிருந்து கீழாக நேராக, பாதிக் குழாய் மாதிரி கோடு கோடாகப் பள்ளம். வெடி வைக்கத் துளை போட்ட தடம். "தயாளா, இங்க வா," என்றார். விரலை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தூண்டில் வளைவுக் கற்களிலும் இதே பள்ளம் உண்டு. தூண்டில் போடுகிறவர்கள் கழியை அதில்தான் சாய்த்து வைப்பார்கள். அதற்கென்றே செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு பாதி எங்கள் கரையில். மறு பாதி இங்கே.

கூழுக்குக் காசு நீட்டினேன். சரசம்மா கையைத் தள்ளிவிட்டாள். "கல்லுக்கு என்னைக்குக் கணக்குத் தீர்ப்பீங்களோ, அன்னைக்குச் சேத்துக் குடுங்க."

திரும்பும்போது உடைந்த கண்ணாடி வழியாக பாஷா ஒற்றைக் கண்ணால் பார்த்து ஓட்டினான். முன்னால் ஒரு டிப்பர், தார்ப்பாய் கூட மூடாமல், சின்னக் கல்லாக எங்கள் மேல் உதிர்த்துக்கொண்டே போனது. ரொம்ப தூரம் போன பிறகு வேலு என் பக்கம் திரும்பினான்.

"உங்கண்ணு நல்லாத்தான் கீது மாமா."

"இப்பத்தான் தெரியுதா?"

"ஆனா வலை கிழிஞ்சதும் நெசம்தான?"

அதுவும் நிஜம்தான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள்.

புதன்கிழமை சபை கூடியது. கோவிந்தண்ணன் எழுந்து, பார்த்ததை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். மலை வெட்டுப்பட்டது நிஜம், பள்ளம் தெற்கே போனது நிஜம், தயாளன் பார்த்த குறி சரி. அந்தக் கல் எங்கே வந்தது என்பதையும் சொன்னார்.  இனி நான் குறி சொல்லலாம் என்றார்கள். எந்த மலையை வைத்து என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு நான் கேட்டேன். நியாயமாகத்தான் கேட்டேன். கல் வேண்டும் என்று உட்கார்ந்தது ஊர். கல்லுக்காக வெட்டியது மலையை. மலை போனதால் போனது வலை. அப்படியானால் அந்த அறுபதாயிரத்தையும் ஊர்தானே போட வேண்டும்? இருநூற்றுப் பத்து குடும்பம். ஒரு குடும்பத்துக்கு முந்நூறு ரூபாய் கூட வராது.

சபை பற்றிக்கொண்டது. "நாளைக்கு எவன் வலை கிழிஞ்சாலும் மல மேல பழி போடுவான், ஊர் குடுக்குமா?" என்றான் ஒருவன். "குறி சரியாப் பாத்ததுக்கு நைனாவுக்கு மாலை போடலாம், துட்டு இன்னாத்துக்கு?" என்றான் இன்னொருவன். "போயி மலைகிட்ட கேளு!" என்றது ஒரு குரல். குரல் கொடுத்தவனைப் பார்த்தேன். தூண்டில் வளைவு வந்ததால் வீடு தப்பியவன். அவன் வாசலில் இருந்து பத்தடியில் கிடக்கிறது அந்த மலை. சரசம்மா கேட்டதை அப்படியே சபையில் திருப்பிக் கேட்டேன்: கல் எங்கே காய்க்கிறது, மரத்திலா?  பாக்கெட்டில் கை விட யாரும் இல்லை. கல் கேட்கும்போது எல்லோரும் ஊர். வலைக்கு மட்டும் நான் தனி ஆள்.

முடிவு இது. வலையில் பாதி வேலுவின் தலையில், பாதி என் தலையில். கோவிந்தண்ணன் மட்டும் சபை கலைந்த பிறகு வந்து, தன் பங்கு என்று முந்நூறு ரூபாயை என் கையில் வைத்தார். நான் வாங்கவில்லை. அவரும் எடுத்துக்கொள்ளவில்லை. அது எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

மல்லிகாவின் கம்மலை வைத்துப் பதினோராயிரம் கொடுத்தாயிற்று. வேலுவுக்கு இன்னும் பத்தொன்பதாயிரம். பாஷாவின் கண்ணாடிக்கு நாலாயிரம். ஆக இன்றைக்கு நிற்கும் பாக்கி இருபத்து மூவாயிரம் ரூபாய். சரசம்மாவின் ஐந்து சொம்புக் கூழை இதில் சேர்க்கவில்லை. அதன் விலையை அவள் சொல்லவில்லை.